சைக்கிள் உடைக்கு இருபதாயிரம் ரூபாய்: எது உடலுக்கு, எது பெயருக்கு?

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்று விற்கப்படும் உடைகள் ஐந்தாறுதான். உடலோடு ஒட்டிய ஜெர்சி, தோள்பட்டை வார் வைத்த பிப் ஷார்ட்ஸ், காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட், உள்ளே போடும் மெல்லிய பனியன், கையுறை, காலுறை. ஆனால் இவற்றின் விலை ஏற்ற இறக்கம் மலைக்க வைக்கிறது. டெக்கத்லான் கடையில், உட்காருமிடத்தில் மெத்தை போன்ற பேட் வைத்த சாதாரண ஷார்ட்ஸ் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. லண்டனின் ராஃபா, சுவிட்சர்லாந்தின் அசோஸ், இத்தாலியின் காஸ்டெல்லி, கோபன்ஹேகனின் பாஸ் நார்மல் ஸ்டுடியோஸ், மெல்பர்னின் மாப் ஆகியவற்றின் மேல்தர பிப் ஷார்ட்ஸ் 200 பவுண்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ விற்கிறது. நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கண்ணுக்கு இரண்டும் கறுப்பு ஷார்ட்ஸ்தான். நடுவில் உள்ள பதினைந்து மடங்கு பணம் எங்கே போகிறது, அதில் எவ்வளவு ஓட்டுபவரின் உடலுக்கு வந்து சேர்கிறது என்பது ஒவ்வொரு உடைக்கும் வேறு வேறு. பிராண்டை மொத்தமாகப் புகழ்வதும் மொத்தமாகத் தூற்றுவதும் வாங்குபவருக்கு உதவாது.

முதலில் பார்க்க வேண்டியது ஷார்ட்ஸ். சைக்கிளில் உடல் மூன்று இடங்களில் ஊன்றுகிறது: கை, கால், இடுப்பின் அடி. கையையும் காலையும் அவ்வப்போது இடம் மாற்றிக்கொள்ளலாம். இடுப்புக்கு அந்த வசதி இல்லை. உட்காரும் எலும்புகள் இரண்டின் முனையும் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் சீட்டை அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தோடு, நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு முறை பெடல் சுற்றும்போது தொடை உரசும் உரசலும், நனைந்த தோலும் சேர்கின்றன. மயிர்க்கால்கள் வீங்கி, கொப்புளமாகி, சீழ் பிடிக்கும் அளவுக்குப் போகும். பல நாள் பந்தயங்களில் வீரர்கள் பாதியில் விலகுவதற்கு இந்தப் புண்ணும் ஒரு காரணம். ஷார்ட்ஸின் வேலை இந்த மூன்றையும், அதாவது அழுத்தம், உரசல், ஈரம் ஆகியவற்றைக் குறைப்பது.

1970-கள் வரை இந்த வேலையைக் கம்பளி ஷார்ட்ஸும் அதன் உள்ளே தைத்த ஷாமி ஆட்டுத் தோலும் செய்தன. தோல் புதிதாக இருக்கும்போது மெத்தென்று இருக்கும். துவைத்துக் காய வைத்தால் அட்டை போல விறைக்கும். ஒவ்வொரு முறையும் களிம்பு தடவிப் பிசைந்து பதப்படுத்தினால்தான் மறுபடி உட்கார முடியும். கம்பளியோ மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும். டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இழையான லைக்ரா, சைக்கிள் உலகத்துக்கு வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 1970-களின் பின்பாதியில் அந்த மாற்றத்தின் முன்வரிசையில் நின்றவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, டோனி மையர் 1976-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய அசோஸ். மற்றொன்று காஸ்டெல்லி. மிலான் நகரில் விட்டோரே ஜியன்னி என்பவர் 1876-இல் தொடங்கிய தையல் கடையை 1939-இல் அர்மாந்தோ காஸ்டெல்லி வாங்கினார். அவருடைய மகன் மவுரிட்சியோ 1974-இல் தேள் சின்னத்தோடு தனி பிராண்டாக்கினார். லைக்ரா ஷார்ட்ஸை முதலில் கொண்டுவந்தது யார் என்பதில் இருவருமே உரிமை கொண்டாடுகிறார்கள். யார் முதலாக இருந்தாலும், பத்தே ஆண்டுகளில் கம்பளி ஷார்ட்ஸ் பந்தயங்களிலிருந்து மறைந்துபோனது. தோலின் இடத்தைச் செயற்கைத் துணியும் நுரையும் பிடித்தன.

இன்றைய பேட் என்பது வெறும் ஸ்பாஞ்ச் துண்டு அல்ல. தோலைத் தொடும் பக்கம் வியர்வையை உறிஞ்சிக் கடத்தும் மெல்லிய துணி. நடுவில் இரண்டு மூன்று அடர்த்திகளில் நுரை. அடியில் ஷார்ட்ஸோடு சேர்த்துத் தைக்கும் துணி. மலிவான பேடும் நல்ல பேடும் பிரிவது தடிமனில் அல்ல, நுரையின் அடர்த்தியில். மலிவான நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் விரல்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். கடையில் தொடும்போது அது சுகமாகத் தெரியும். சீட்டில் ஒரு மணி நேரம் ஆனதும் நசுங்கித் தரையோடு தரையாகிவிடும். அதன்பின் எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் இருப்பது துணி மட்டுமே. நீண்ட தூரத்துக்கான பேடில் எலும்பு ஊன்றும் இடத்தில் அடர்த்தியான நுரை இருக்கும். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டால் உடனே எழும். தொடை உரசும் ஓரங்களில் அதே பேட் காகிதம் போல மெலிந்து முடியும். அந்த மெலிவு படிப்படியாக, விளிம்பு தட்டுப்படாமல் அமைவதற்குத்தான் வெட்டும் வேலையிலும் அச்சு வேலையிலும் செலவு கூடுகிறது. நான்கு திசையிலும் இழுபடும் பேட், குனிந்து பெடல் போடும்போது உடலோடு வளையும். இழுபடாத பேட் சுருங்கி மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் தோல் முதலில் வழன்று போகும்.

விலைக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. இந்த பேடை ஒவ்வொரு பிராண்டும் தானே செய்வதில்லை. இத்தாலியின் சைடெக் நிறுவனம் ‘எலாஸ்டிக் இன்டர்ஃபேஸ்’ என்ற பெயரில் செய்து தரும் பேடுகள் உலகெங்கும் எத்தனையோ பிராண்டுகளின் ஷார்ட்ஸுக்குள் இருக்கின்றன. அவற்றில் விலையுயர்ந்த பிராண்டுகளும் உண்டு, நடுத்தர பிராண்டுகளும் உண்டு. துணியிலும் இதே நிலைதான். பெர்கமோ பகுதியின் மிட்டி போன்ற இத்தாலிய ஆலைகள் பின்னும் துணி, கேட்டு வாங்கும் எவருக்கும் போகிறது. ஆகவே நடுத்தர விலையில் உள்ள ஒரு ஷார்ட்ஸின் உள்ளே, அதன் இரண்டு மடங்கு விலையுள்ள ஷார்ட்ஸின் பேடுக்கு நிகரான ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அசோஸ் போன்ற சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி வடிவமைப்பு வைத்திருக்கின்றன. அந்த ஷார்ட்ஸுக்குக் கேட்கும் கூடுதல் விலையில் ஒரு பகுதியாவது ஆய்வுக்குப் போகிறது.

பேடுக்கு அடுத்தது அதைப் பிடித்து வைக்கும் துணி. எவ்வளவு நல்ல பேடானாலும் இடம் நகர்ந்தால் உபயோகமில்லை. பெரும்பாலான ஷார்ட்ஸ் நைலானும் எலாஸ்டேனும் (லைக்ரா வகை இழை) கலந்த பின்னல் துணியால் ஆனவை. திருப்பூரில் பனியன் துணியை எடை போடுவதுபோலவே இதற்கும் ஜி.எஸ்.எம். கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் 200 கிராமை ஒட்டி இருந்து, எலாஸ்டேன் பங்கும் தாராளமாக இருந்தால் துணி தொடையை இறுக்கிப் பிடிக்கும். எலாஸ்டேன் குறைந்த மெல்லிய துணி சில மாதங்களில் தொளதொளத்து, முழங்கால் பக்கமிருந்து மேலே சுருண்டு ஏறும். தோள் வார் இருப்பதன் காரணமும் இதுதான். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஷார்ட்ஸ் குனிந்த வயிற்றை அறுக்கும், பின்புறம் கீழிறங்கும். வார் வைத்தது இரண்டும் செய்யாது, பேடையும் மேலே இழுத்துப் பிடித்திருக்கும். தையலில் ஓவர்லாக் போட்டால் உள்ளே ஒரு முகடு நிற்கும். பிளாட்லாக் போட்டால் இரண்டு துணியும் ஒரே மட்டத்தில் படியும். பிளாட்லாக் இப்போது மலிவான ஷார்ட்ஸிலும் வந்துவிட்டது. ஆனால் தையல் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதில் வெட்டுபவரின் திறமை தெரியும். உட்காரும் இடத்தின் வழியே தையல் ஓடாமல் துணியை வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தத் திறமைக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

பெண்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாகச் சற்று அகலம், மென்திசு அழுத்தப்படும் இடமும் வேறு. ஆண்களுக்கான பேடைச் சிறிய அளவில் வெட்டி, ஓரத்தில் வண்ணம் மாற்றிப் பெண்களுக்கு என்று விற்ற காலம் நெடுநாள் நீடித்தது. மலிவுச் சந்தையில் இன்றும் நீடிக்கிறது. அதோடு கழிப்பறைப் பிரச்சினை வேறு. வார் வைத்த ஷார்ட்ஸைக் கழற்ற மேலே போட்ட ஜெர்சியையும் கழற்ற வேண்டும். நெடுஞ்சாலையோரக் கழிப்பறையில் அது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் வெலோசியோவும் வேறு சில நிறுவனங்களும் வாரைக் கழற்றாமலே பின்புறத்தை மட்டும் கீழிறக்கும் வெட்டை உருவாக்கின. ஒரு பெண் மணிக்கணக்கில் ஓட்டுபவர் என்றால், அந்த ஒரு வசதிக்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்தாலும் அது சரியான செலவு.

இத்தனை நியாயமும் ஓட்டும் நேரத்தைப் பொறுத்தது. காலையில் அரை மணி நேரம் பூங்காவைச் சுற்றுபவருக்கோ, அலுவலகத்துக்கு ஐந்து கிலோமீட்டர் போகிறவருக்கோ பேடே தேவையில்லை. நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் அகலமான சீட்டே அந்த வேலையைச் செய்துவிடும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போது மலிவான பேட் தோற்கத் தொடங்குகிறது. சென்னையிலும் கோவையிலும் நெடுந்தூரம் ஓட்டும் ராண்டனர் குழுக்கள் நடத்தும், நேரக் கெடு உள்ள பிரெவே பயணங்களில் 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கி.மீ. தூரம், 90 மணி நேரம். 2019-இலும் 2023-இலும் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அதில் ஓட்டினார்கள். அந்தத் தூரத்தில் ஷார்ட்ஸ் என்பது அலங்காரமே அல்ல. பயணம் முடியுமா முடியாதா என்பதையே அது தீர்மானிக்கக்கூடும். ஆனால் சீட்டின் உயரமும் அகலமும் தவறாக இருந்தால் எந்த ஷார்ட்ஸும் காப்பாற்றாது. இருபதாயிரம் ரூபாய் ஷார்ட்ஸ் வாங்குவதற்கு முன் சீட்டைச் சரிபார்ப்பதே முறை. வலிக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஜெர்சிக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஜெர்சி வியர்வையை வெளியேற்ற வேண்டும், காற்றில் படபடக்கக் கூடாது, முதுகுப் பையில் வைத்த பொருள் தொங்காமல் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரத்தை உள்வாங்குவதில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே எட்டு சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும். அதனால்தான் பருத்திச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும்போது பாலியெஸ்டர் சீக்கிரம் காய்கிறது. இந்த அடிப்படைக் குணம் எண்ணூறு ரூபாய் ஜெர்சியிலும் இருக்கிறது, பதினைந்தாயிரம் ரூபாய் ஜெர்சியிலும் இருக்கிறது. விலை கூடக்கூடத் துணி மெலிகிறது, கை விளிம்பில் மடிப்புத் தையல் போய் நறுக்கிய விளிம்பு வருகிறது, ஜிப் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, பை தொங்காமல் நிற்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் மலிவான ஜெர்சியால் ஒருவருக்குப் புண் வருவதில்லை, பயணம் நிற்பதில்லை. குழுக்கள் தங்கள் பெயரும் சின்னமும் போட்டு அடித்துக்கொள்ளும் ஜெர்சிகளில் வண்ணம் ஏறும் முறையும் எல்லோருக்கும் ஒன்றே. காகிதத்தில் அச்சிட்ட சாயத்தை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஆவியாக்கிப் பாலியெஸ்டருக்குள் ஏற்றுகிறார்கள். உள்ளூர் நிறுவனம் அச்சிட்டாலும் ஐரோப்பிய நிறுவனம் அச்சிட்டாலும் அந்தச் சாயம் ஒரே மாதிரிதான் ஒட்டும்.

பந்தயக்காரர்களுக்கு மட்டும் ஜெர்சியில் இன்னொரு கணக்கு உண்டு. சமதரையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறவர் செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டிக் காற்றைக் கிழிக்கவே போகிறது. அந்தக் காற்றுத் தடையில் பெரும்பங்கு வருவது சைக்கிளால் அல்ல, ஓட்டுபவரின் உடலால். வேகம் இரட்டிப்பானால் காற்றுக்காகச் செலவிடும் ஆற்றல் எட்டு மடங்காகும். 2017-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியபோது, கையில் சிறு புடைப்புகள் கொண்ட காஸ்டெல்லி உடையில் ஸ்கை அணியினர் ஓட்டினார்கள். அந்த அணியின் கெரைன்ட் தாமஸ் அன்றைய நேரப் பந்தயத்தை வென்றார். அந்தப் புடைப்புகள் விதிமீறல் என்று எதிரணியினர் முறையிட்டார்கள், நடுவர்கள் ஏற்கவில்லை. தோளிலும் கையிலும் உள்ள துணியின் வரிப்பள்ளம் அந்த மட்டத்தில் நொடிகளைத் தருகிறது. மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவருக்கு, படபடக்காத அளவில் ஒரு ஜெர்சி இருந்தாலே காற்றுக் கணக்கு முடிந்துவிடுகிறது.

கம்பளி ஜெர்சி தனிக் கதை. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும், எளிதில் நாற்றம் பிடிக்காது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் மெரினோவையும் பாலியெஸ்டரையும் இணைத்து உருவாக்கிய ஸ்போர்ட்வுல் துணியில்தான் ராஃபாவின் முதல் ஜெர்சி வந்தது. குளிர்நாட்டின் நாள்முழுப் பயணத்துக்கு அது அருமையான துணி. நம்மூர் வெயிலுக்கு அது வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் மார்கழி விடியலில் ஓட்டுபவர் மட்டும் விதிவிலக்கு.

ஜாக்கெட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது ஊரின் வானிலை. 2013 மார்ச் 17 அன்று நடந்த மிலான்-சான் ரெமோ பந்தயம் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். பனி கொட்டியதால் நடுவில் பந்தயத்தை நிறுத்தி, வீரர்களைப் பேருந்தில் ஏற்றிக் கணவாயைக் கடக்க வைத்து, மறுபுறம் மீண்டும் தொடங்கினார்கள். அன்று பல அணிகளின் வீரர்கள் காஸ்டெல்லியின் காபா என்னும் குட்டைக்கை ஜெர்சியைப் போட்டிருந்தார்கள். அவர்களின் அணிகளுக்கு உடை தந்த நிறுவனங்கள் வேறு. அதனால் தேள் சின்னத்தைக் கறுப்பு மையால் மறைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி இலவசமாகக் கிடைத்த உடையை விட்டுவிட்டு, வீரர்கள் வேறொன்றைத் தேடிப்போய் வாங்கிச் சின்னத்தை மறைத்து அணிந்தார்கள் என்றால், அந்தத் துணி உண்மையிலேயே வேலை செய்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. காற்றைத் தடுத்து, தூறலை வழியவிட்டு, உடலோடு ஒட்டி நின்ற அந்த உடையைப் பார்த்துப் பிற நிறுவனங்கள் எல்லாம் தங்கள் காபாவைச் செய்தன. இன்று அதே வகை உடை பாதி விலையிலும் கிடைக்கிறது. மேல்தட்டு பிராண்டுகள் விளையாட்டுக்குச் செய்யும் நன்மை இதுதான்: புதியதை முதலில் செய்து பார்க்கும் செலவை அவர்கள் ஏற்கிறார்கள், சில ஆண்டுகளில் அது கீழ்விலைக்கு இறங்குகிறது.

மழை ஜாக்கெட்டிலும் ஒரு காலம் விலைக்கேற்ற பலன் இருந்தது. கோர்-டெக்ஸின் ஷேக்ட்ரை என்ற துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடும், ஒரு உதறலில் காய்ந்துவிடும். விலை அதிகம் என்றாலும் ஐரோப்பிய மழையில் அதற்கு ஈடு இல்லை என்றே கருதப்பட்டது. ஃபுளோரின் சேர்மங்களின் சுற்றுச்சூழல் கேடு காரணமாக அந்தத் துணியின் உற்பத்தி நின்றுவிட்டது. மாற்றாக வந்தவற்றில் மேல்பூச்சு சீக்கிரம் தேய்வதால் அவ்வப்போது மறுபூச்சு போட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மழையில் இந்த ஜாக்கெட்டுக்குப் பெரிய வேலை இல்லை. 28 டிகிரி வெப்பத்தில் மழை ஜாக்கெட் போட்டு ஓட்டினால் வெளியிலிருந்து நனையாதவர் உள்ளிருந்து நனைவார். இங்கே மழைக்கால ஓட்டத்துக்குப் பின்சக்கர மட்கார்டும் ஒளிரும் நிறமுள்ள மெல்லிய காற்றுச் சட்டையும் போதும்.

கையுறை, காலுறை, தொப்பி போன்ற சிறு பொருள்களில் விலைக்கும் பயனுக்கும் உறவு மிகக் குறைவு. ஒரு ஜோடி காலுறைக்கு இரண்டாயிரம் ரூபாய் என்றால் அது முழுக்க நிறத்துக்கும் பெயருக்கும்தான்.

அந்தப் பெயர் எப்படி விலையாகிறது என்பதற்கு ராஃபாவின் வரலாறு நல்ல பாடம். பிராண்ட் ஆலோசகராக இருந்த சைமன் மோட்ரம் 2004 ஜூலையில் லண்டனில் அதைத் தொடங்கினார். பழைய பந்தய வீரர்களைப் பற்றிய ‘கிங்ஸ் ஆஃப் பெயின்’ என்ற கண்காட்சியோடு நிறுவனம் அறிமுகமானது. உடையைவிடக் கதை முன்னால் வந்தது. விளம்பரதாரர் பெயர்களை மேலெல்லாம் ஒட்டிய பளபளப்பான ஜெர்சிகளே கடையில் கிடைத்த காலத்தில், ஒற்றை நிறம், இடக்கையில் ஒரு பட்டை, பையின் உள்பக்கத்தில் தைத்த துணியில் பழைய பந்தயம் ஒன்றின் கதை என்று அது வந்தது. 2006-இல் ‘ரூலர்’ என்ற அழகிய இதழுக்கு ஆதரவளித்தது, குறும்படங்கள் எடுத்தது, காபிக் கடையும் துணிக்கடையுமாக நகரங்களில் கிளப்ஹவுஸ் திறந்தது, 2013 முதல் நான்கு ஆண்டுகள் ஸ்கை அணிக்கு உடை தந்தது. 2017-இல் வால்மார்ட் குடும்பத்தின் வாரிசுகளான ஸ்டூவர்ட், டாம் வால்டன் சகோதரர்களின் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. விலை சுமார் 200 மில்லியன் பவுண்ட் என்று செய்திகள் வந்தன. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு நஷ்டக் கணக்குதான்.

ஷார்ட்ஸுக்கு 200 பவுண்ட் வாங்கும் நிறுவனம் நஷ்டப்படுவது எப்படி? துணி, பேட், தையல் கூலி மூன்றும் சேர்ந்து கடை விலையின் ஒரு சிறு பகுதிதான். மீதி வடிவமைப்பு, புகைப்படம், அணி ஒப்பந்தம், நகர மையத்துக் கடை வாடகை, திரும்பி வரும் சரக்கு, விற்காமல் தேங்கும் அளவுகள் என்று பல வழிகளில் கரைகிறது. பழைய முறையில் விற்கும் பிராண்டுகளில் மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் கடைக்காரரின் பங்கும் சேரும். இந்தியாவுக்கு வரும்போது சுங்க வரியும் அனுப்பும் செலவும் ஏறிக்கொள்ளும். ஆகவே வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் முதலாளியின் பைக்குப் போகிறது என்பதும் தவறு, துணிக்குள் போகிறது என்பதும் தவறு. பெரும்பகுதி அந்தப் பெயரை உயிரோடு வைத்திருக்கவே செலவாகிறது. அழகாக வெட்டிய உடை போட்டுக்கொண்டு ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி அவர்களை விடியற்காலையில் எழுப்பிச் சாலைக்குக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதை உடலைக் காக்கும் செலவு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

‘விலை அதிகமானாலும் நீண்ட நாள் வரும்’ என்பது இந்த உடைகளை வாங்கும்போது அதிகம் சொல்லப்படும் நியாயம். ஷார்ட்ஸில் இந்த நியாயம் கணக்குக்கு நிற்பதில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு ஆண்டில் 300 மணி நேரம் ஆகிறது. 1,500 ரூபாய் ஷார்ட்ஸ் ஓராண்டில் தேய்ந்துபோனாலும் மணிக்கு ஐந்து ரூபாய். 20,000 ரூபாய் ஷார்ட்ஸ் அந்த விலைக்கு இறங்க வேண்டுமானால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். எந்த எலாஸ்டேனும் அவ்வளவு நாள் உயிரோடு இருக்காது. வியர்வை, வெயில், சூடு ஆகியவை விலை பார்க்காமல் எல்லா எலாஸ்டேனையும் தின்கின்றன. பந்தயத்துக்கென்று மெல்லிசாகச் செய்த உயர்விலை ஷார்ட்ஸ் கனமான நடுத்தர ஷார்ட்ஸைவிட முன்னதாகவே தேய்வதும் உண்டு. உயர்ந்த விலைக்கு நியாயம் சொல்லக்கூடியது ஆறாவது மணி நேரத்தில் தோல் எப்படி இருக்கிறது என்பது ஒன்றுதான்.

மலிவு விலைக்கும் உச்ச விலைக்கும் நடுவில்தான் பெரும்பாலானவர்களுக்கான விடை இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்கு ஏறும்போது பேட், துணி, வெட்டு மூன்றும் கண்கூடாக மாறுகின்றன. அங்கிருந்து பத்தாயிரத்துக்கு ஏறும்போது மாற்றம் உண்டு, ஆனால் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கே தெரியும். அதற்கு மேல் கொடுப்பதில் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது. டெக்கத்லானின் பந்தயப் பிரிவான வான் ரைசல் இந்த நடுப்பகுதியைக் குறிவைத்தே வந்தது. 2024 முதல் டூர் டி பிரான்ஸில் ஓட்டும் டெக்கத்லான் அணிக்கு அதன் சைக்கிள்கள்தான். மேல்தட்டு பிராண்டுகளும் இதைப் புரிந்துகொண்டு குறைந்த விலை வரிசைகளை விடுகின்றன. ராஃபாவின் ‘கோர்’ அப்படிப்பட்டது. கொரோனா காலத்தில் பெருகிய தேவை பின்னர் சரிந்தபோது சரக்கு தேங்கியதால் பெரிய பிராண்டுகள்கூடத் தள்ளுபடி விற்பனைக்கு இறங்கின. பருவ முடிவில் போன ஆண்டின் நிறத்தை வாங்குபவருக்கு அதே பேடும் அதே வெட்டும் பாதி விலையில் கிடைக்க வழி உண்டு. பத்தாயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்தவர் அதை ஜெர்சிக்கும் ஷார்ட்ஸுக்கும் சமமாகப் பங்கிடுவதைவிட, ஒன்பதாயிரத்துக்கு இரண்டு நடுத்தர பிப் ஷார்ட்ஸும் ஆயிரத்துக்கு ஒரு ஜெர்சியும் வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று காயும்போது மற்றொன்று இருக்கும். ஒரே ஷார்ட்ஸை ஈரத்தோடு மறுநாள் போடுவதுதான் கிருமித் தொற்றுக்கு நேர்வழி.

விலைச்சீட்டில் தெரியாத இன்னொன்று, வாங்கிய பிறகு கிடைக்கும் சேவை. கீழே விழுந்து கிழிந்த உடையை ராஃபா இலவசமாகத் தைத்துக் கொடுக்கிறது. வேறு சில நிறுவனங்கள் விபத்தில் கிழிந்ததற்குப் பதில் புதியதைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அந்த நிறுவனங்கள் உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு இது பெரிய நன்மை. கிழிந்த ஷார்ட்ஸைக் கடல் தாண்டி அனுப்பி வாங்க வேண்டியவருக்கு அந்த நன்மை பாதியாகக் குறைகிறது. அளவும் இதே போன்ற சிக்கல்தான். இத்தாலிய பந்தய வெட்டில் ‘லார்ஜ்’ என்பது நம்மூர் ‘மீடியம்’ போல இருக்கும். போட்டுப் பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் விலையுயர்ந்த ஷார்ட்ஸைவிட, கடையில் போட்டு, சைக்கிளில் உட்காருவதுபோலக் குனிந்து பார்த்து வாங்கிய நடுத்தர ஷார்ட்ஸ் நன்றாகவே பொருந்தும். நின்றபடி சற்று இறுக்கமாகவும் தோள் வார் இழுப்பதாகவும் தெரிவதே சரியான அளவு. அந்த உடை குனிவதற்காக வெட்டப்பட்டது. இணையத்தில் பிரபல அணிகளின் உடை என்று சில நூறு ரூபாய்க்கு விற்கப்படுபவை போலிகள். மேலே அச்சு அசலைப் போல இருக்கும், உள்ளே இருக்கும் பேட் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைவிட மேலானதல்ல.

எந்த விலைக்கு வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றே. பிப் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. அதன் தையல் பேட் செய்யும் வேலையைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உடனே துவைக்க வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழைகளில் படிந்து வியர்வை கடத்தும் தன்மையைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பேட் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் உலர்த்தலாம். உச்சி வெயிலில் போட்டால் எலாஸ்டேன் சில மாதங்களில் செத்துவிடும். பேடைத் தடவிப் பார்த்து எலும்பு ஊன்றும் இடம் பள்ளமாகி எழாமல் இருந்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது பின்புறத் துணி வலை போலத் தெரிந்தாலும், அந்த ஷார்ட்ஸை மாற்றும் நேரம் வந்துவிட்டது.